பாய்மரப் போட்டியில் நம்ம பங்கு

பாய்மரப் படகுப் போட்டி என்று பேச்செடுத்தாலே, "அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம் சார்" என்று முடித்துவிடுகிறார்கள் நம்மவர்கள். பாதி உண்மைதான்.

இதில் ரொம்பப் பழைய பரிசு அமெரிக்கா கோப்பை. 1851-ல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த போட்டியில் 'அமெரிக்கா' என்ற படகு ஜெயித்தது. கோப்பைக்கும் அந்தப் பேரே நிலைத்தது. 1983-ல் ஆஸ்திரேலியர்கள் தட்டிக்கொண்டு போகும்வரை 132 வருஷம் அது அமெரிக்கர்கள் கையில்தான். அதைப் பிடுங்க 1899-க்கும் 1930-க்கும் நடுவில் ஐந்து முறை 'ஷாம்ராக்' படகுகளோடு வந்து, ஐந்து முறையும் தோற்றவர் தாமஸ் லிப்டன். ஆமாம், டீத்தூள் லிப்டனேதான்! அந்தக் காசில் இலங்கை மலைத்தோட்டங்களில் நம்ம சனம் கிள்ளிய கொழுந்தும் இருந்தது. அதே காலத்தில் எங்க கோலார் தங்கவயலில் நம்ம சனம் வெட்டிய தங்கத்தின் லாபம் லண்டன் கம்பெனிக்குப் போனது. வங்கிக்காரன் கணக்கில், முதலீட்டில் நமக்கும் பங்குண்டு, டிவிடெண்ட்தான் வரவில்லை.

இப்போது கொஞ்சம் வருகிறது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோவில் 35-வது, 2024 பாரிஸில் 21-வது. ராணுவத்தில் இருக்கும் விஷ்ணு சரவணன் பாரிஸில் 18-வது. அதற்கு முந்தின வருஷம் ஆசிய விளையாட்டில் வெண்கலம்.

"தங்கவயலில் கடல் ஏதுப்பா?" என்பீர்கள். அதே ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கிய நேகா தாகூர் மத்தியப் பிரதேசத்து விவசாயி மகள். படகு விடக் கற்றது போபால் ஏரியில். அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

எங்களுக்கும் பக்கத்திலேயே பேத்தமங்கலம் ஏரி இருக்கிறது, சுரங்கக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் தந்த பாலாற்று ஏரி. 2001-ல் சுரங்கம் மூடியபின் பெங்களூர் ரயிலைத் தவிர எங்க பிள்ளைகளுக்கு வேறு என்ன காட்டினோம்? வெளிநாட்டில் இருக்கும் நாம் கோயில் திருப்பணிக்குத் தாராளமாகவே கொடுக்கிறோம். அதில் கொஞ்சம் ஒதுக்கினால் நாலு ஆப்டிமிஸ்ட் படகு வாங்கலாம். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கானது, 2.3 மீட்டர் நீளம்தான். ஆனால் முதல் செலவு நீச்சல் பயிற்சிக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும். படகு அதற்கப்புறம், ஏரியில் தண்ணீர் நிற்கிற வருஷமாகப் பார்த்து.