மணி அடித்தால் எடுக்க ஆள் இருக்கிறாரா?

தைவான் பக்கமோ தென்சீனக் கடலிலோ போர்க்கப்பல்கள் உரசிக்கொண்டதாகச் செய்தி வந்தால் போதும், மறுநாள் காப்பிக் கடையிலும் அலுவலகத்திலும் ஒரே பேச்சு: “அமெரிக்காவும் சீனாவும் மோதிக்கொள்ளுமா?”

என் மகன் அடுத்த ஆண்டு தேசிய சேவைக்குச் செல்கிறான். அதனால் இந்தக் கேள்வியை ஊர்வம்பாக என்னால் ஒதுக்க முடிவதில்லை. வீடு வாங்கக் கடன் எடுத்திருக்கும் இளையர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். நம்மைச் சுற்றியுள்ள கடலில் கப்பல் ஓடினால்தான் நம் வீட்டில் உலை கொதிக்கும்.

வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகள் இரு நாடுகளின் விமானங்களையும் ஏவுகணைகளையும் எண்ணிக் காட்டுகின்றன. நான் பார்ப்பது வேறு. வல்லரசுகள் பெரும்பாலும் கணக்குப் போட்டுத்தான் சீண்டுகின்றன. அந்தக் கணக்கு தப்பும் நாளில் பேசிக்கொள்ள வழி இருக்கிறதா?

2001 ஏப்ரல் 1ஆம் தேதி கணக்கு தப்பியது. ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்க வேவு விமானமும் சீனப் போர் விமானமும் நடுவானில் மோதின. சீன விமானி உயிரிழந்தார். சேதமடைந்த அமெரிக்க விமானம் ஹைனானிலேயே தரையிறங்க, அதிலிருந்த 24 பேரையும் சீனா பிடித்து வைத்தது. சண்டைக்குக் காரணம் தேடுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் பேசினார்கள். வருத்தம் தெரிவித்து அமெரிக்கத் தூதர் கடிதம் கொடுத்தார். 11 நாளில் 24 பேரும் விடுவிக்கப்பட்டனர்.

அமெரிக்காவும் சோவியத் யூனியனும் இந்தப் பாடத்தை இன்னும் முன்பே படித்தன. 1962 கியூபா நெருக்கடியில், அணுகுண்டுகளை வைத்துக்கொண்டு முறைத்து நின்ற இரு தலைவர்களுக்கிடையே ஒரு செய்தி போய்ச்சேர மணிக்கணக்கானது. அந்தப் பயத்தில்தான் 1963ல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு அமைத்தார்கள். படங்களில் காட்டும் சிவப்புத் தொலைபேசி இல்லை அது; எழுத்தில் செய்தி அனுப்பும் தொலையச்சு இயந்திரம். 1972ல் கடலில் ஒருவருக்கொருவர் எப்படி நடந்துகொள்வது என்றும் உடன்பாடு கண்டார்கள். மற்றவர் கப்பலைத் தாக்கப்போவதுபோல் பாவனை செய்யக்கூடாது என்பது அதில் ஒரு விதி. பகை தீரவில்லை. ஆனால் பகைக்கு ஓர் ஒழுங்கு வந்தது.

எனவே என்னை உண்மையில் கலங்கவைத்த ஆண்டு 2023. நான்சி பெலோசி 2022 ஆகஸ்ட்டில் தைவான் சென்றதும், அமெரிக்காவுடனான ராணுவப் பேச்சுகள் பலவற்றைச் சீனா நிறுத்தியிருந்தது. 2023 பிப்ரவரியில் சீன பலூனைச் சுட்டு வீழ்த்திய கையோடு அமெரிக்கத் தற்காப்பு அமைச்சர் பேச விரும்பினார், சீனா மறுத்தது. ஜூன் மாதம் இங்கே சிங்கப்பூரில், ஷங்ரிலா கலந்துரையாடலின்போது, இரு நாட்டு அமைச்சர்களும் விருந்தில் கைகுலுக்கினார்கள். தனியே உட்கார்ந்து பேசவில்லை. அதே வாரயிறுதியில் தைவான் நீரிணையில் அமெரிக்கப் போர்க்கப்பலுக்கு முன்னால் சீனக் கப்பல் ஒன்று குறுக்கே பாய்ந்தது. இடைவெளி சுமார் 140 மீட்டர். கடலில் அது கைக்கெட்டும் தூரம். நவம்பரில்தான் பைடனும் சி சின்பிங்கும் ராணுவத் தொடர்பை மீண்டும் தொடங்க இணங்கினார்கள்.

பேசினால் மட்டும் போர் நின்றுவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். 1914ல் ஜெர்மானியப் பேரரசரும் ரஷ்யப் பேரரசரும் உறவினர்கள். கடைசி நாள்வரை தந்தி அனுப்பிக்கொண்டார்கள். அதற்குள் படைகள் கிளம்பிவிட்டன. பேச்சு சீக்கிரம் தொடங்க வேண்டும். தளபதிகள் பொறுக்கவும் வேண்டும்.

வேண்டுமென்றே தொடங்கும் போருக்கு வாய்ப்புக் குறைவு என்றே நினைக்கிறேன்; அதன் விலை இருவருக்கும் தெரியும். விபத்தில் தொடங்கும் போரைப் பற்றி அப்படி உறுதி சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான், 2002லிருந்து பகைவர்களும் வந்து அமரும் அந்த மாநாட்டைச் சிங்கப்பூரில் நடத்துவது வெறும் விருந்தோம்பல் இல்லை என்கிறேன்.

அடுத்த முறை கப்பல்கள் உரசிய செய்தி வந்தால் விமானங்களை எண்ணாதீர்கள். மறுநாள் செய்தியையும் தேடிப் படியுங்கள். இரு தரப்பும் பேசியிருந்தால், அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம்.