பட்டமும் பரீக்ஷையும்

பரீக்ஷையில் தேறுவது ஒன்று. தொழிலில் தேறுவது மற்றொன்று. பள்ளிக்கூடத்தில் காலங் கழிக்கும் நமக்கு இது நன்கு தெரிந்த விஷயம். மற்றத் தொழில்களில் இந்த இடைவெளியால் நஷ்டமாவது பணமோ காலமோ. வைத்தியத்திலோ உயிரே நஷ்டமாகும்.

திருப்பூர்வாசிகளுக்கு இதைப் பற்றி யோசிக்கக் காரணம் உண்டு. 2022-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசாங்க வைத்தியக் கல்லூரிகளில் நம் ஊர்க் கல்லூரியும் ஒன்று. நாலரை வருஷப் படிப்பு, அதன்மேல் ஒரு வருஷக் கட்டாயப் பயிற்சி என்பது விதி. அந்தப் பயிற்சியில் அவசர சிகிச்சைப் பகுதிக்கென்று ஒதுக்கப்படுவது இரண்டு வாரமே.

நோயின் பெயரைக் கண்டுபிடித்துப் பிறகு மருந்து கொடுப்பது புஸ்தகப் பாடம். உயிர் ஊசலாடும்போது இந்த வரிசை தலைகீழாகும். சுவாச வழி திறந்திருக்கிறதா, மூச்சு ஓடுகிறதா, இரத்த ஓட்டம் சரியா என்று பார்த்து, கண்ட குறையை அவ்வப்போதே நிவர்த்தி செய்ய வேண்டும். நோயின் பெயர் பின்னால் வரட்டும்.

ஆபத்திலிருப்பவர் எப்போதும் உரக்கக் கத்துவதில்லை; மூலையில் பேசாமல் சாய்ந்திருப்பவராகவும் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரின் இதயம் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நின்று விடுவதில்லை. பல மணி நேரம் முன்பே மூச்சும் நாடியும் குறி காட்டுகின்றன. இதற்காகவே லண்டன் ராயல் காலேஜ் ஆப் பிஸிஷியன்ஸ் 2012-ல் சுவாசம், பிராணவாயு, இரத்த அழுத்தம், நாடி, பிரக்ஞை, உடற்சூடு இவற்றுக்கு மார்க்குப் போடும் முறையொன்றை வெளியிட்டது. நிமிஷத்துக்கு 25 மூச்சுக்குக் குறையாவிட்டால் அதற்கு மட்டும் 3 மார்க்கு. மார்க்கு ஏற ஏற ஆபத்தும் ஏறும். நம் பள்ளிக்கூட வழக்கத்துக்கு நேர் விரோதம்!

இந்த முறை நம் ஊருக்கு மிகவும் பொருந்தும். ஒடிஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் உழைக்கும் வாலிபர் ஒருவர் இரவு ஷிப்டில் மயங்கி விழுந்தால், அவர் சொல்வது வைத்தியருக்குப் புரிவதில்லை. ஆனால் மூச்சுக்குப் பாஷை ஏது? கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணுவதற்குத் துபாஷி வேண்டியதில்லை. சாயக் கழிவுத் தொட்டியில் நச்சுக் காற்றுப் பட்டவருக்கும், தோட்டத்தில் பாம்பு தீண்டிய குடியானவருக்கும் முதற் சோதனை இதுவே.

இன்னொரு பாடமும் உண்டு. "பெரிய டாக்டரை இந்நேரத்தில் எழுப்பினால் கோபிப்பாரோ?" என்று இளைஞர் தயங்கும் அரைமணி நேரம் நோயாளியின் ஆயுளாகிவிடலாம். உதவி கேட்பது அறியாமையன்று என்பதைப் பெரியவர்கள் வாயால் சொன்னால் மட்டும் போதாது. அழைத்தவுடன் வந்து காட்டவேண்டும். பொம்மையை வைத்து ஒத்திகை பார்த்துத் தவறுகளை அங்கேயே செய்து தீர்த்துவிடவும் இடந்தர வேண்டும்.

ஆகவே இரண்டு வாரத்தை நீட்டுவதுடன், நோயாளியின் பக்கத்தில் நின்று செய்து காட்டும் பரீக்ஷை ஒன்றையும் வைப்பது நலம். எழுத்துப் பரீக்ஷையில் தவறினால் மறுமுறை எழுதலாம். நோயாளிக்கோ மறுமுறை இல்லை.