தாகூரை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கும் பெங்களூர் நண்பர் ஒருவர், தன் முடிவுக்குத் தத்துவ ஆதாரமாக ஒரு பட்டியலை நீட்டுகிறார். ரூசோ, தாகூர், மாண்டிசோரி, காந்தி, கடைசியில் நம் குருகுலம். இவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு எதிரானவர்களாம். இன்று சர்ஜாப்பூர் ரோடு, ஒயிட்ஃபீல்டு அடுக்ககங்களில் நடக்கும் ஹோம்ஸ்கூலிங்தான் அவர்கள் கண்ட கனவாம். அவர் பிள்ளை எங்கே படிக்க வேண்டும் என்பது அவர் பாடு. அதற்காக, செத்துப்போன பெரியவர்களைக் கூண்டில் ஏற்றிப் பொய்ச்சாட்சி சொல்லவைத்தால் சும்மா இருக்க முடியாது.

அவர் அதிகம் நம்பியிருக்கும் தாகூரையே முதலில் விசாரிப்போம். தாகூருக்குப் பள்ளி பிடிக்கவில்லை, வீட்டில்தான் படித்தார் என்கிறார் நண்பர். உண்மைதான். அடுத்த பக்கத்தையும் புரட்டியிருக்கலாம். கொல்கத்தா ஜோராசாங்கோவில் இருந்த குடும்ப வீட்டில் விடியற்காலை மல்யுத்தத்தில் தொடங்கி, இரவு இங்கிலீஷ் பாடத்தில் கண் சொருகும்வரை, வாத்தியார் மாற்றி வாத்தியார் வந்து அந்தப் பையனைப் பிழிந்தெடுத்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். தகப்பனான பிறகு, குடும்ப ஜமீன் இருந்த சிலாய்தஹாவில் தன் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களை அமர்த்தி வீட்டுக்கல்வியையும் நடத்திப் பார்த்தார். அதோடு நின்றாரா? 1901-ல் சாந்திநிகேதனில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு பள்ளிக்கூடம் தொடங்கினார். அந்த முதல் மாணவர்களில் ஒருவன் அவருடைய மகன் ரதீந்திரநாத். பள்ளியை நடத்தப் பணமில்லாமல் மனைவி மிருணாளினியின் நகைகள் விலைபோயின. பள்ளியின் கொடுமையையும் வீட்டுப் படிப்பின் போதாமையையும் அனுபவித்த மனிதர் கடைசியில் கட்டியது ஒரு பள்ளிக்கூடத்தை. இவரைத்தான் நண்பர் தன் பக்கத்துச் சாட்சி என்கிறார்.

அடுத்தவர் மாண்டிசோரி. 1907 ஜனவரி 6 அன்று அவர் தன் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தது ரோம் நகரின் சான் லொரென்ஸோவில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா அம்மா வேலைக்குப் போனபின் மாடிப்படிகளில் அலைந்துகொண்டிருந்த பிள்ளைகள்தான் அங்கே சேர்ந்தவர்கள். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலில் இருந்தார். இங்கே அவர் செய்த முக்கிய வேலை, பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது.

அவருடைய வகுப்பில் 'இளஞ்சிவப்புக் கோபுரம்' என்று ஒரு கருவி உண்டு. ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர்வரை பத்து மரக் கனசதுரங்கள். அவற்றைச் சிறியது மேலே, பெரியது கீழே என்று குழந்தை அடுக்க வேண்டும். நண்பர் ஆன்லைனில் வாங்கி வைத்திருப்பதும் அதுவே. ஆனால் மாண்டிசோரி வகுப்பில் ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பணம் போதாமல் அல்ல, வேண்டுமென்றே. இன்னொரு குழந்தை அடுக்கி முடித்து, கலைத்து, எடுத்த இடத்தில் திருப்பி வைக்கும்வரை இந்தக் குழந்தை காத்திருக்க வேண்டும். மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே அறையில் இருக்கும். சின்னது பெரியதைப் பார்த்துப் பழகும். பாடத்தில் பாதி அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. ஒற்றைப் பிள்ளைக்கு ஒரு முழு செட் வாங்கிக் கொடுத்த வீட்டில் மரக்கட்டைகள் இருக்கும், மாண்டிசோரி இருக்கமாட்டார்.

காந்தி விஷயத்தில் நண்பர் செய்திருப்பது இன்னும் மோசம். காந்தி தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்கிறார். ஏன் அனுப்பவில்லை? டர்பனில் வெள்ளையர் பள்ளியில் காந்தியின் மக்களுக்குச் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்குக் கிடையாது. எல்லோருக்கும் இல்லாதது என் பிள்ளைக்கும் வேண்டாம் என்று மறுத்தார். மற்றவர்களுக்கு இல்லாத வசதி தனக்கு இருப்பதாலேயே பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் ஒருவர், அந்த மறுப்பைத் தனக்கு முன்மாதிரி என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

பிள்ளைகளின் படிப்புக்கு நினைத்த அளவு நேரம் ஒதுக்க முடியவில்லை என்றும், அதில் மகன்களுக்கு மனக்குறை உண்டு என்றும் காந்தியே சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். லண்டன் போய் பாரிஸ்டர் ஆக வேண்டும் என்று ஏங்கிய மூத்த மகன் ஹரிலாலின் கசப்பு ஊரறிந்த கதை. அந்த அப்பா லண்டனில் படித்த பாரிஸ்டர் என்பதையும் சேர்த்து யோசித்தால் கசப்பின் ஆழம் புரியும். அப்பா வேண்டாம் என்று உதறக்கூடிய பட்டத்தை அப்பா முதலில் வாங்கிவிட்டார். பிள்ளைக்கு அந்த வாய்ப்பே வரவில்லை. ஐ.டி. சம்பளத்தில் உட்கார்ந்து சர்டிஃபிகேட் எதற்கு என்று கேட்கும் பெற்றோர் ஹரிலாலை ஒருமுறையாவது நினைக்க வேண்டும்.

காந்தி 1910-ல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் வேலைக்காரர்கள் கிடையாது. சமையல் முதல் மலம் அள்ளுவதுவரை அங்கிருந்தவர்களே செய்தார்கள். பிள்ளைகளுக்கும் அதுவே பாடம். 1937-ல் வார்தாவில் உருவான அவருடைய ஆதாரக் கல்வித் திட்டம் நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி கேட்டது. நண்பர் வீட்டில் 'கைத்தொழில் நேரம்' என்று மண்பாண்டம் வனைவது உண்டு. பிறகு அந்த மண்ணைத் துடைப்பவர், காலையில் தன் பெண்ணை அரசுப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் பணிப்பெண். காந்தியின் பாடம் துடைக்கும் இடத்தில் ஆரம்பிக்கிறது.

ரூசோவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1762-ல் வந்த 'எமீல்' ஒரே பையனுக்கு முழுநேர ஆசிரியர் ஒருவரைக் கற்பனை செய்யும் நூல். அதில் வரும் பெண்பிள்ளை சோஃபி ஆணுக்கு ஏற்றவளாக வளர்க்கப்படுகிறாள். எழுதியவர் தன் ஐந்து குழந்தைகளையும் பாரிஸின் அநாதை இல்லத்தில் விட்டவர். நண்பர் தாராளமாக அவரை வைத்துக்கொள்ளட்டும்.

குருகுலமும் வீட்டுக்கல்வியும் ஒன்று என்பது சிரிக்கவைக்கும் வாதம். குருகுலம் என்றாலே பிள்ளை வீட்டைவிட்டுப் போவது. உ.வே.சாமிநாதையர் தமிழ் படிக்க மாயூரத்துக்கு மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் தேடிப் போனார். தகப்பனாரோடு வீட்டிலேயே இருந்திருந்தால் அவர் பதிப்பித்த, உரையோடு கூடிய சீவக சிந்தாமணி நமக்கு அப்படிக் கிடைத்திருக்காது. குருகுலத்தின் வாசலில் யாரை நிறுத்தி வைத்தார்கள் என்ற கேள்வியையும் நண்பர் வசதியாக மறந்துவிட்டார். வீடு என்பது விடுதலை என்று நம்புகிறவர்கள் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையைப் படிக்கலாம். பெரியவளான பெண் வெளியே போகக்கூடாது என்பதால் அவருக்கு வீட்டில் பாடம் நடந்தது. அவர் போராடிப் பெற்றது புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஓர் இடத்தை.

உண்மையிலேயே நண்பருக்கு உதவக்கூடிய ஒருவர் இருக்கிறார்; அவரைக் கூப்பிடவே இல்லை. இங்கிலாந்தின் சார்லட் மேசன் 1886-ல் பெற்றோருக்காகவே 'வீட்டுக் கல்வி' என்ற நூலை எழுதினார். நல்ல புத்தகத்தை ஒரே ஒருமுறை படித்துக் காட்டு, பிள்ளை அதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும், பாடம் குறுகியதாக இருக்கட்டும், மிச்ச நேரம் மரம் செடி பார்க்க வெளியே விடு என்பது அவர் வழி. இதற்குக் கப்பன் பார்க்கும் ஒரு நூலக அட்டையும் போதும். ரோபோட்டிக்ஸ் வகுப்பு வேண்டாம். அவர்கூட 1892-ல் ஆம்பிள்சைடில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நிறுவினார்.

சக மாணவர்களின் கொடுமையில் ஒடுங்கிய பிள்ளைக்கும், மாற்றுத்திறன் காரணமாகப் பள்ளிகள் திருப்பி அனுப்பிய பிள்ளைக்கும் வீடு அடைக்கலம்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. மீறினால் தண்டனை என்று சொல்லவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுதலாம். அந்தப் பெற்றோர் யாரும் ரூசோவை மேற்கோள் காட்டுவதில்லை. அவர்களுக்கு அது தேவையுமில்லை.

2020 மார்ச்சில் மூடிய கர்நாடகத் தொடக்கப் பள்ளிகள் 2021 அக்டோபர் 25-ல்தான் திறந்தன. ஒரே அறை வீட்டில் ஒரே செல்போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட்ட அந்த நாட்களில், வீட்டுக்கல்வி என்பது யாருக்கு எப்படி இருக்கும் என்று நகரமே பார்த்தது. 2019-ல் அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளி ஏழைகளுக்கு 25 சதவீத இடம் தர வேண்டியதில்லை என்று மாநில விதி மாறியபோது, தாகூரின் சீடர்கள் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே நண்பருக்கு ஒரு வேண்டுகோள். இந்த மேதைகள்தான் வழிகாட்டி என்றால் முழுக்கக் கேளுங்கள்: பாத்திரத்தைப் பிள்ளையோடு சேர்ந்து கழுவுங்கள், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நாலு பேரை அதே பாயில் உட்காரவையுங்கள், பணிப்பெண்ணின் மகளும் அதில் இருக்கட்டும். அது முடியாதென்றால், எங்களுக்கு வசதி இருக்கிறது, பள்ளி பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள். யாரும் தடுக்கப்போவதில்லை. அதற்குத் தாகூரும் காந்தியும் எதற்கு?