ஏணியைப் பிடிக்கும் அந்த நொடி

 

அனுப்பம்பட்டு, பழவேற்காடு பக்கத்துப் பிள்ளைகள் பலர் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் ஒப்பந்த வேலை பார்க்கிறார்கள். சிலர் படகில் போய், நங்கூரமிட்டு நிற்கும் கப்பலில் ஏற வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் படகுப் பயணத்துக்குப் பயப்படுகிறார்கள். பயமும் நியாயம்தான், 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனதை யார் மறப்பது? ஆனால் வேலைக்குப் போகிறவருக்குப் பெரிய ஆபத்து, படகை விட்டுக் கயிற்று ஏணியைப் பிடிக்கும் நொடியில் இருக்கிறது.

கப்பல் பெரிது, அதிகம் ஆடாது. படகு அலையோடு ஏறி இறங்கும். அது தாழ்ந்திருக்கும்போது ஏணியில் கால் வைத்தால், அடுத்த அலையில் மேலே வந்து காலை நசுக்கிவிடும். அலையின் உச்சியில் மாற வேண்டும். நம் மீனவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். ஐ.டி.ஐ. முடித்து நேராக வேலைக்குப் போகும் பையனுக்குச் சொல்லித்தர வேண்டும்.

2012 அக்டோபர் 31, நீலம் புயல். பிரதீபா காவேரி கப்பல் சென்னையில் தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்கள் கவிழ்ந்தார்கள், சிலர் இறந்தார்கள். பலரைக் காப்பாற்றியது குப்பத்து மீனவர்கள். கப்பலிலேயே இருந்தவர்களை மறுநாள் ஹெலிகாப்டர் மீட்டது. மாறுகிற நேரம்தான் ஆளை வாங்கியது.

கப்பலுக்கு வழிகாட்ட ஏறும் பைலட்டுக்கு சோலாஸ் என்ற சர்வதேச விதி இருக்கிறது. 9 மீட்டருக்கு மேல் ஏறவேண்டுமென்றால் கயிற்று ஏணியோடு கப்பலின் சாய்வுப் படிக்கட்டையும் சேர்த்துத்தர வேண்டும். மேலே பொறுப்பான அதிகாரி நிற்க வேண்டும். விளக்கு பொருத்திய மிதவை வளையம் தயாராக இருக்க வேண்டும். ஏணி சரியில்லையென்றால் பைலட் ஏற மறுக்கலாம், கப்பல் காத்திருக்கும்.

அதே ஏணியில் ஏறும் நாள்கூலிக்காரர் மறுத்தால்? என்னிடம் படித்த ஒருவரிடம் கேட்டேன். "நாளைக்குக் கூப்பிட மாட்டாங்க சார்" என்றார். உயிர்காப்புச் சட்டை கொடுக்கிறார்களாம், நல்லது. இந்தப் பயத்துக்கு அது மருந்தில்லையே!

ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும்: அலை அதிகம், ஏணி பழசு என்று ஏற மறுத்தவருக்கு அன்றைய கூலி உண்டு. இன்று மாற்ற முடியாது என்று படகோட்டி சொன்னால், மேஸ்திரி அவரை மீறக்கூடாது. பிள்ளைகளைக் கடல்வேலைக்கு அனுப்பும் பெற்றோர், சம்பளம் கேட்கும் அன்றே இதையும் கேளுங்கள். கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்று கீழே எழுதுங்கள்.