பழசு எண்டால் கொதிக்கத்தான் வேணுமா?

"பழைய கார் எண்டால் கொதிக்கும்தானே, தம்பி." திருகோணமலையில் பழைய கார் வைத்திருக்கிற யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. உட்துறைமுக வீதியில் பின்னேரம் ஒரு மொரிஸ் மைனர் ஆவி கக்கிக்கொண்டு ஓரங்கட்டினால், "கன்னியாவுக்கு ஏன் போறீங்க, வெந்நீர்க் கிணறு இங்கயே வந்திட்டுது" எண்டு ஓட்டோக்காரர் பகிடி விடுவார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்தவர்கள்தான். இப்போது அந்த வசனத்தோடு எங்களுக்குப் பிணக்கு இருக்கிறது. அது பொய். ஆளையே சுட்டுவிடக்கூடிய பொய்.

எங்கட கூட்டத்தில் ஒருத்தனுக்கு அவன்ட அம்மப்பா விட்டுப்போன கார் அது. 1960களின் நடுப்பகுதி மைனர், 1098 சீசீ. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் இருந்த கார்களின் விலை எங்கட கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. அப்போதுதான் கொட்டிலில் தூசி பிடித்துக் கிடந்த மைனரைத் தட்டி எழுப்பினோம். களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தைக்குப் போய் றேஸ் பார்ப்பது, பிறகு ஒருநாள் நாங்களும் ஓடிப் பார்ப்பது எண்டு திட்டம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில்தான் அங்கே கார் ஓடுகிறார்கள். சீனக்குடா விமானத் தளத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் கதையே ஒரு கிளுகிளுப்பு.

கட்டுக்குருந்தை வரை போகவில்லை. கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகிற காட்டு வழியில், பொழுது சாய்கிற நேரம், கார் கொதித்து நின்றது. யானை கடக்கிற இடம். பயத்தில், அவசரத்தில், எங்களில் ஒருத்தன் றேடியேற்றர் மூடியைச் சாரத்தால் பிடித்துத் திருகினான். முழங்கை வரை வெந்துபோனது. புண் ஆற ஆறு கிழமை. தழும்பு இன்னும் இருக்கிறது.

அதுக்குப் பிறகு புத்திமதி மழை. "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி." "பெரிய அலுமினியம் றேடியேற்றர் போடு." "மின்விசிறி பூட்டு." "வித்துப்போட்டு மோட்டார் சைக்கிள் எடு." முதல் மூன்றையும் வரிசையாகச் செய்தோம். சேர்த்து வைத்த காசு முழுக்கக் கரைந்தது. கார் அப்போதும் கொதித்தது.

நாலாவது புத்திமதியைக் கேட்கப்போன நேரத்தில்தான் ஊரில் ஒரு வயதான மெக்கானிக் ஐயாவிடம் போனோம். அவர் பொனட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பிமார், இந்த எஞ்சின் இதே வெயிலுக்குள்ளதான் அறுபது வருசம் ஓடினது. புதுசா என்ன பூட்டலாம் எண்டு யோசிக்க முதல், அதில என்ன இருந்தது, இப்ப என்ன இல்லை எண்டு பாருங்கோ."

நாங்கள் இங்கே சொல்ல வருவதும் அவ்வளவுதான். கொதிப்பது வயதால் இல்லை, கவனிக்காமல் விட்டதால். முதலில் இருந்ததைத் திருத்தவேணும். கூட்டுவதெல்லாம் பிறகு.

ஐயா செய்த முதல் வேலை, எஞ்சின் புளொக்கின் பின்பக்கம் இருக்கிற சின்னப் பித்தளைக் குழாயைத் திறந்தது. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. திறந்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். செம்மண் குழம்பு மாதிரித் துரு வந்தது. நாங்கள் பளபளவென்று புது றேடியேற்றர் பூட்டியிருந்தோம், ஆனால் கடைசிச் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட வழியே இருக்கவில்லை.

அந்தத் துரு எங்கிருந்து வந்தது? எங்கட கிணற்றிலிருந்து. கரையோரக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் தொடர்ந்து கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும் இல்லையா, அதேதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. கொஞ்சம் உப்பும் சேர்ந்தால் இரும்பு தானாகத் தின்னப்படும். இதை எங்கட மீனவர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள். கரைக்கு வந்ததும் அவுட்போர்ட் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுவார்கள். துறைமுகத்தில் நிற்கிற பெரிய கப்பல்களிலும் எஞ்சினுக்குள் சுற்றுவது நன்னீர். கடல் நீர் வெளியில் நின்று அந்த நன்னீரைத்தான் குளிர்விக்கும். துறைமுகத்துப் பிள்ளைகள் நாங்கள், வாளியால் கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தோம். பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீரும் துருவைத் தடுக்கிற கூலன்ட்டும் கலந்து விட்டிருந்தால் போதும். நாங்கள் வாங்கிய றேடியேற்றரின் விலையில் அது ஒரு மூலைக்கும் வராது.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். எரிக்கிற பெற்றோலின் சக்தியில் ஏறக்குறைய கால்வாசிதான் இப்படியான பழைய எஞ்சினில் ஓட்டமாக மாறும். மிச்சமெல்லாம் சூடு. அதில் ஒரு பெரும் பங்கு புகையோடு போகும், இன்னொரு பெரும் பங்கைத் தண்ணீர்தான் சுமக்கவேணும். றேடியேற்றர் மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் கொதிக்கிற எல்லையை உயர்த்துகிறது. 7 இறாத்தல் மூடி போட்டால் வெறும் தண்ணீரே 110 பாகை செல்சியஸை அண்டித்தான் கொதிக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும், தண்ணீர் ஆவியாக வெடிக்கும். எங்கட நண்பனின் கையில் வெடித்தது அதுதான். எஞ்சின் ஆறும்வரை காத்திருப்பது பொறுமை சம்பந்தப்பட்ட விசயம் இல்லை, தோல் சம்பந்தப்பட்ட விசயம். காத்திருக்காமல் பச்சைத் தண்ணீரைச் சடாரென்று ஊற்றினால் சிலிண்டர் ஹெட்டும் வெடிக்கலாம்.

எங்கட அடுத்த பிழை, வீதிக்கும் றேஸுக்கும் ஒரே மருந்து தேடியது. இரண்டும் இரண்டு வருத்தம்.

வீதியில் குறைவது காற்று. மைனரின் விசிறி எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுகிறது. சந்தை நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். 2022இல் பெற்றோல் வரிசையில் காரை ஸ்டார்ட் பண்ணி, நாலு அடி நகர்த்தி, நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் பண்ணின எல்லாருக்கும் இது தெரியும். இதுக்கு மின்விசிறி நல்ல மருந்துதான், ஆனால் ஒரு விசயம் இருக்கிறது. பழைய மைனரில் இருப்பது டைனமோ. உச்சத்திலேயே 20 அம்பியரை ஒட்டித்தான் தரும், எஞ்சின் சும்மா ஓடும்போது கிட்டத்தட்ட ஒன்றும் தராது. அதாவது விசிறி தேவைப்படுகிற அதே நெரிசலில் விசிறி பற்றரியைக் குடித்துக்கொண்டிருக்கும். நாங்கள் பூட்டின மின்விசிறி இரண்டாம் நாளே காரைத் தள்ள வைத்தது. இறுக்கமான பெல்ட், அடைபடாத றேடியேற்றர் இதழ்கள், சரியான இக்னிஷன் ரைமிங், இந்த மூன்றும் இல்லாமல் விசிறியை மாற்றிப் பயனில்லை. ரைமிங் பிந்தினால் எஞ்சின் சூடாகும். பெற்றோல் கலவை மெலிந்தாலும் சூடாகும். தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இவை கண்ணில் படாது.

றேஸில் காற்றுக்குப் பஞ்சமில்லை, வேகமே விசிறி. அங்கே பிரச்சினை, எஞ்சின் சுற்றுக்குச் சுற்று முழுப் பலத்தில் உழைப்பது. தண்ணீரோடு ஒயிலும் கடுமையாகச் சூடாகும். அதனால்தான் ஒயிலுக்கென்று தனிக் கூலர் பூட்டுகிறார்கள். வீதியில் நல்லது செய்கிற கிளைக்கோல் கூலன்ட்டைப் பல நாட்டு றேஸ்களில் தடை செய்திருக்கிறார்கள். பாதையில் சிந்தினால் பின்னால் வருகிறவனை வழுக்கி விழுத்தும். அங்கே தண்ணீரும் துருத்தடுப்பு மருந்தும்தான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுகிற றேஸ்காரரும் அந்த இடத்தை வெறுமையாக விடுவதில்லை. தண்ணீர் குறுக்கு வழியில் ஓடிவிடாமல் ஒரு வளையம் போடுவார்கள். நாங்கள் வெறுமையாக விட்டோம். எஞ்சினின் ஒரு பக்கம் ஆறி, மறுபக்கம் கொதித்தது.

"மைனருக்கு ஏன் இவ்வளவு கதை, அதென்ன மசில் காரா?" எண்டு கேட்பீர்கள். யூடியூப்பில் நாங்கள் வாய்பிளந்து பார்க்கிற 1964 பொன்ரியக் ஜீடிஓவின் எஞ்சின் 6.4 லீற்றர். எங்கட மைனரைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. ஆனால் அமெரிக்காவில் அதை வைத்திருக்கிறவர்களுக்கும் இதே தலையிடிதான்: ஊருக்குள் கொதிக்கும், பாதையில் கொதிக்கும், எல்லாரும் முதலில் பெரிய றேடியேற்றர் வாங்குவார்கள். அதோடு, மைனரின் ஏ-சீரீஸ் எஞ்சினின் குடும்பம்தான் மினியிலும் இருந்தது, உலகம் முழுக்க றேஸ் ஓடினது. எங்கட கொட்டிலில் கிடந்தது கிழட்டுக் கழுதை இல்லை.

இன்னொன்றும் சொல்லவேணும். 1990களின் முதல் பாதியில், பெற்றோல் தடைபட்டிருந்த யாழ்ப்பாணத்தில், மைனர்களும் ஒஸ்ரின் ஏ-40களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எஞ்சினுக்கு அது பொருந்தாத எண்ணெய். தட்டும், சூடேறும். அப்படியும் அந்தக் கார்கள் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்தச் சாரதிகளிடம் புது றேடியேற்றரும் இல்லை, யூடியூப்பும் இல்லை. காது இருந்தது, மூக்கு இருந்தது, எஞ்சின் எப்போது சிணுங்குகிறது எண்டு தெரிந்திருந்தது. அந்த அறிவு வைத்திருக்கிறவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்கள் போனால் அது எந்த இறக்குமதியிலும் வராது.

எதையும் மாற்றவே கூடாது எண்டு நாங்கள் சொல்லவில்லை. றேஸ் ஓட ஆசைப்படுகிறவனுக்குப் பெரிய றேடியேற்றரும் ஒயில் கூலரும் ஒருநாள் தேவைப்படும்தான். ஆனால் வரிசை முக்கியம். முதலில் புளொக்கைக் கழுவுங்கள். மூடி, ஹோஸ், பெல்ட், தெர்மோஸ்டாட், ரைமிங், கலவை எல்லாம் அந்தக் கார் பிறந்தபோது இருந்த நிலைக்கு வரட்டும். அதுக்குப் பிறகும் கொதித்தால் காசைச் செலவழியுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்து காசையும் இழந்தோம், நண்பனின் தோலையும் இழந்தோம்.

மைனர் இப்போது ஓடுகிறது. பின்னேரங்களில் உட்துறைமுக வீதியால் போய் டச்பே கடற்கரையில் நிறுத்துவோம். ஊசி நடுவில் நிற்கும். ஓட்டோ அண்ணைமார் இன்னும் பகிடி விடுகிறார்கள், இப்போது வேறு பகிடி. கட்டுக்குருந்தை இன்னும் பாக்கி. உங்கட வீட்டுக் கொட்டிலிலும் ஒன்று கிடந்தால், விக்க முதல் அந்தச் சின்னப் பித்தளைக் குழாயை ஒருக்கால் திறந்து பாருங்கள். ஊரில் இருக்கிற ஒரு வயதானவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறவுங்கள். எஞ்சின் நன்றாக ஆறின பிறகு.