இணையத்தில் இல்லாவிட்டால் இல்லையென்று ஆகுமா?

தேர்வுக் காலத்தில் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இடம் கிடைப்பதே அரிது. காலை எட்டு மணிக்கே பையை வைத்து நாற்காலி பிடித்துவிடுகிறார்கள். ஆனால் புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஆளில்லை. நானும் குளிர்சாதனத்துக்காகப் போகிறவள்தான்.

நூலகமா இணையமா என்ற கேள்வியே சற்றுப் பழையது. ஜேஸ்டோர் போன்ற தளங்களில் நாம் வீட்டிலிருந்து படிக்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்குச் சந்தா கட்டுவது பெரும்பாலும் நூலகம்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் கோ. சாரங்கபாணி நிதி திரட்டினார். கடந்த பருவத்தில் அதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. முதலில் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டேன். ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டு மூன்று நூல்களைத் தந்தது. அவற்றில் இரண்டு எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை. அப்படிப்பட்ட நூல்களே வெளிவரவில்லை!

என் விரிவுரையாளருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவற்றை நான் மேற்கோள் காட்டியிருந்தால் அவர் கண்டுபிடித்திருக்க மாட்டார். அடுத்து வரும் மாணவர் என் கட்டுரையை ஆதாரமாகக் காட்டியிருப்பார். நம் வரலாற்றில் பொய் இவ்வளவு சுலபமாக நுழைய முடியும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

நூலகர் ஒருவர்தான் வழிகாட்டினார். சாரங்கபாணியின் பெயர் ஆங்கிலத்தில் சில இடங்களில் ‘ஐ’ என்றும் சில இடங்களில் ‘ஒய்’ என்றும் முடிகிறது. தேடுபொறியில் ஒன்றைத் தட்டினால் மற்றது தவறிப்போகலாம். நூலகப் பட்டியலில் இருவரும் ஒருவரே என்று யாரோ பொறுமையாக இணைத்து வைத்திருக்கிறார்கள். பிறகு விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போனேன். தேடிப்போன நூலைவிட அதற்குப் பக்கத்தில் இருந்த நூல்தான் அதிகம் உதவியது.

இணையத்தைக் குறை சொல்லவில்லை. 1935இல் அவர் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் பலவற்றைத் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் பார்க்க முடிகிறது. 1965க்குப் பிறகு வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைப் பொன்விழா ஆண்டான 2015இல் தொண்டூழியர்கள் வாரியத்துடன் சேர்ந்து மின்மயமாக்கினார்கள். ஆனால் கோயில் மலர்கள், சங்கங்களின் ஆண்டு மலர்கள் எல்லாம் அப்படி ஏறிவிட்டனவா? இயந்திரம் இருப்பதைக்கொண்டுதான் கற்கிறது; இல்லாத இடத்தைத் தானாக இட்டு நிரப்புகிறது.

என் பாட்டியின் அலமாரியில் ஒரு கட்டுச் சங்க மலர்கள் இருக்கின்றன. வீடு மாறும்போது காராங் குனிக்காரரிடம் போட்டுவிடலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். தேசிய நூலகம் ஏற்றுக்கொள்ளுமா என்று அடுத்த வாரம் கேட்கப் போகிறேன்.