கணக்கு நோட்டை நடுவீட்டில் வைப்போம்

கையில் காசு இறுகும் மாதங்களில் பெரும்பாலான வீடுகளில் முதலில் சுருங்குவது சமையலறைச் செலவு. பருப்பு அரை கிலோ குறைகிறது. எண்ணெய் ஒரு பாக்கெட் குறைகிறது. வாராவாரம் எடுத்த கறி மாதத்துக்கு இரண்டு முறை என்றாகிறது. இந்தக் குறைப்பை யோசித்துச் செய்பவரும், அதைத் தன் தட்டில் முதலில் ஏற்பவரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். சிக்கனம் என்றால் அது அவருடைய சாமர்த்தியம் என்றே நாம் பழகிவிட்டோம். அந்தப் பொறுப்பை வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள முடியுமா என்பதே இங்கே பேச விரும்பும் விஷயம்.

செலவு இருக்கும் இடம் மாறிவிட்டது. மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, 1999-2000 இல் இந்தியக் கிராமக் குடும்பங்கள் செலவிட்ட ஒவ்வொரு 100 ரூபாயிலும் சுமார் 59 ரூபாய் உணவுக்குப் போனது. 2023-24 இல் அது சுமார் 47 ரூபாய். நகரங்களில் 48 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 40 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-23 இல் ஒரு நபருக்கான சராசரி மாதச் செலவு கிராமத்தில் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் பெருக்கிப் பார்த்தால் கிராமத்தில் 21,000 ரூபாயையும் நகரத்தில் 30,000 ரூபாயையும் தாண்டுகிறது. கடனுக்குக் கட்டும் தவணை இதில் சேராது. ஆக, அடுக்களையில் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் மொத்தச் செலவில் பாதியைக்கூடத் தொட முடியாது. பெட்ரோல், கைப்பேசிக் கட்டணம், பள்ளிக் கட்டணம், மருந்து, துணி, வாடகை என்று மீதியெல்லாம் வீட்டில் மற்றவர்கள் கையிலும் வீட்டுக்கு வெளியேயும் இருக்கிறது.

இதைப் பற்றிப் பேசினாலே வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. பெரியவர்களின் வாதம் வலுவானது. மாசி, பங்குனியில் புளி மலிவாக வரும்போது வருஷத்துக்கும் வாங்கி, கொட்டை நீக்கி, உப்புப் போட்டுப் பானையில் வைத்தவர்கள் அவர்கள். வெயில் காலத்தில் வடகமும் வற்றலும் போட்டார்கள். கிழிந்த வேட்டி கரித்துணியானது. பெரிய பிள்ளையின் சட்டை அடுத்த பிள்ளைக்கு வந்தது. இன்று வாசலுக்கு வந்து சேரும் பொட்டலங்களைப் பார்த்து அவர்கள் கவலைப்படுவதை யாரும் குறை சொல்ல முடியாது.

இளையவர்கள் சொல்வதிலும் அதே அளவு நியாயம் இருக்கிறது. சொந்த ஊரில் சொந்தக் கூரையின் கீழ் நடத்திய குடும்பத்தையும், வேலைக்காக வேறு ஊருக்கு வந்து முன்பணம் கட்டி வாடகை வீட்டில் நடத்தும் குடும்பத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பது சரியல்ல. கைப்பேசி இன்று ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. வங்கிச் செய்தி, பள்ளி அறிவிப்பு, எரிவாயுப் பதிவு எல்லாம் அதில்தான் வருகின்றன. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் மாவை அரைக்காமல் கடையில் வாங்குவது சோம்பலும் அல்ல. அங்கே இருவரின் நேரத்துக்கும் விலை உண்டு.

இரு தரப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பெரியவர்களின் தொகைகள் இன்றைக்குப் பொருந்தாது. அவர்களின் கால அளவு பொருந்தும். அவர்கள் கணக்குப் போட்டது ஒரு முழு ஆண்டுக்கு. அறுவடை எப்போது, விதைப்பு எப்போது, கையில் பணம் இல்லாத மாதங்கள் எவை என்று தெரிந்தே வீட்டை நடத்தினார்கள். நாம் மாதச் சம்பளத்துக்கு வந்தபின் கணக்கையும் மாதமாகச் சுருக்கிவிட்டோம். ஆனால் நம்மைக் கடனில் தள்ளும் செலவுகள் மாதாமாதம் வருபவை அல்ல. ஜூனில் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொத்து வரி. ஆண்டுக்கு ஒருமுறை வண்டிக்கும் உயிருக்கும் காப்பீடு. ஆடியில் புது மாப்பிள்ளைக்குச் சீர், ஐப்பசியில் தீபாவளி. ஒவ்வொன்றும் வருவது முன்பே தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எதிர்பாராத செலவு போல நகையை எடுத்துக்கொண்டு அடகுக்குப் போகிறோம்.

இந்தச் செலவுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை மாதத்தின் முதல் வாரத்திலேயே ஒதுக்கிவிடும் வீடுகள் உண்டு. எளிய வழிதான். மின்கட்டணத்திலும் அப்படியே. நமக்குக் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பாதித் தொகையை முதல் மாதமே எடுத்து வைத்தால் இரண்டாம் மாதம் இறுகாது. முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளுக்கான சலுகையும் குறைந்து, சில யூனிட் கூடியதற்காகச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கட்ட நேரும் என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. கோடையில் மாத நடுவில் ஒருமுறை மீட்டரைப் பார்த்து எழுதுவதைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். வீட்டுக் கணக்கில் பிள்ளைகள் நுழைய அது நல்ல வாசல்.

சேமிக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு என்று தெருவில் நடப்பவை இந்த ஆண்டுக் கணக்கின் தேவையை உணர்ந்து பிறந்தவைதான். மாதம் தவறாமல் கட்டவைக்கும் கட்டுப்பாடு அவற்றில் உண்டு. நம்பிக்கை உடைந்தால் முழுப் பணமும் போய்விடும் என்பதும் உண்மை. ஏலச்சீட்டுகளுக்கு 1982 ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் இருக்கிறது. சீட்டைப் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்பது நடத்துபவரை அவமதிப்பதாகாது. நேர்மையாக நடத்துபவருக்கு அந்தக் கேள்வி பாதுகாப்பே. வங்கியிலும் அஞ்சலகத்திலும் சிறு தொகைக்கும் தொடர் வைப்பு தொடங்கலாம். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாய் போதும், காலம் 5 ஆண்டு. பண்டிகைச் செலவுக்கு ஓராண்டில் முடியும் வங்கி வைப்பு பொருந்தும்.

வீட்டுக்குள் கணக்கை யார் பார்ப்பது என்பது இதைவிட நுட்பமான கேள்வி. நோட்டு நடுவீட்டில் இருக்க வேண்டும், சம்பாதிப்பவர் செலவும் அதில் ஏற வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்று கருதுகிறேன். டீக்கடைக்கும் சிகரெட்டுக்கும் மதுக்கடைக்கும் போகும் பணம் எழுதப்படாத வீட்டில் மிளகாய்த் தூளின் விலையை எழுதி வைத்து ஒரு பயனும் இல்லை. ஆண்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு. கையில் கொஞ்சம் காசு இல்லாமல் நாலு பேர் நடுவே நிற்க முடியாது என்கிறார்கள். அது நியாயம். அதற்கென ஒரு தொகையைக் கணக்கிலேயே ஒதுக்கி, அதற்குள் கேள்வி கேட்காமல் விட்டுவிடலாம்.

அதே மதிப்பு பெண்களின் சிறுவாட்டுக்கும் வேண்டும். எல்லாக் கணக்கையும் வெளிப்படையாக வைப்போம் என்றால், அரிசிப் பானையிலும் அஞ்சறைப்பெட்டியிலும் வைத்த பணத்துக்கும் ஆபத்து வரும் என்று பல பெண்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆட்டோவுக்கும் மருந்துக்கும் எடுத்தது அந்தப் பணத்தைத்தான். பறிபோகாமல் இருக்கவே அது ஒளிந்திருந்தது. சிறுவாடு என்று ஒரு வரி நோட்டில் இருக்கட்டும். அது எவ்வளவு சேர்ந்தது, எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம். வெளிப்படையான கணக்கைப் பெண்கள் அறியாதவர்களும் அல்ல. 1989 இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தொடங்கிய மகளிர் குழுக்கள் இன்று மாநிலம் முழுவதும் பரவியிருக்கின்றன. யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு கடன் என்பது அங்கே எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்படுகிறது. அதே பெண் வீட்டுக்கு வந்ததும் கணவரின் சம்பளம் எவ்வளவு என்று தெரியாமல் இருப்பது பொருந்தாத நிலை.

இந்தப் பேச்சையே சிலர் ஏற்க மாட்டார்கள். கூலி குறைவாக இருக்கும்போது சிக்கனம் போதிப்பது நியாயமா என்று கேட்பார்கள். சரியான கேள்வி. அன்றாடம் கிடைக்கும் கூலி அன்றாடச் சோற்றுக்கே போய்விடும் குடும்பத்திடம் குறைக்கச் சொல்ல எதுவும் இல்லை. அங்கே தேவை நல்ல கூலியும் நிரந்தர வேலையும். அரசின் உதவிகள் அந்தக் குடும்பங்களில் எவ்வளவு பெரியவை என்பதை நகரத்தில் வசதியாக இருப்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அதனால் அவர்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு காட்டியது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். இவை வரிப்பணம் என்று கவலைப்படுவோரின் அக்கறையும் மதிக்கத்தக்கதே. அந்தத் தொகை கந்துவட்டிக்குப் போகாமல் பிள்ளையின் படிப்புக்கோ குழுச் சேமிப்புக்கோ போவதில் இரு தரப்புக்கும் ஒரே விருப்பம்தானே.

கடன் கொடுப்பவர்களுக்கும் பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்குத் தரும் சிறுகடன்களில், எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வாங்குபவர் இதைத் தெரிந்து வைத்திருந்தால், நான்காவது நிறுவனத்தின் படிவத்தில் கையெழுத்திடும் முன் நின்று யோசிப்பார். தனியார் பள்ளிக் கட்டணத்தை வரையறுக்கத் தமிழ்நாட்டில் 2009 முதல் சட்டம் இருக்கிறது. ஆசிரியர் சம்பளத்தை மாதம் தவறாமல் கொடுக்க வேண்டிய பள்ளிகளின் நெருக்கடியை நாம் உணர்கிறோம். ஆண்டு முழுவதற்குமான எல்லாக் கட்டணங்களையும் கோடை விடுமுறைக்கு முன்பே ஒரே பட்டியலாகத் தந்தால் பெற்றோர் ஒதுக்கி வைக்க முடியும். பள்ளிக்கும் நிலுவை குறையும்.

எந்த வீடும் தனியாகத் தீர்க்க முடியாத செலவு ஒன்று இருக்கிறது. அது விசேஷச் செலவு. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, கல்யாணம், புதுமனை புகுவிழா. மேல்வீட்டார் மண்டபம் பிடித்தால் கீழ்வீட்டார் வாசலில் பந்தல் போடத் தயங்குகிறார்கள். ஒரு தாய்மாமன் மேளதாளத்துடன் வண்டி வண்டியாகச் சீர் கொண்டுவந்தால், அடுத்த தாய்மாமன் நிலத்தை அடகு வைத்தாவது அதற்கு ஈடு செய்யப் பார்க்கிறார். இதில் யாரையும் வீண் செலவாளி என்று சொல்லிவிட முடியாது. தன் பிள்ளையின் மதிப்பு உறவுக்குள் குறைந்துவிடக் கூடாது என்ற பாசமும் அச்சமும் அந்தச் செலவுக்குப் பின்னால் இருக்கின்றன. எல்லோரும் சேர்ந்து குறைத்தால் யாருடைய மதிப்பும் குறையாது. ஒருவர் மட்டும் குறைத்தால் அவர் மட்டும் பேச்சுக்கு ஆளாகிறார். ஆகவே இங்கே சிக்கனம் என்பது உறவுகளும் ஊரும் கூடிப் பேசி எடுக்க வேண்டிய முடிவு.

மொய்யும் அப்படித்தான். விசேஷத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தூக்கிப் பெரிய செலவைத் தாங்கும் அருமையான ஏற்பாடாகவே அது இருந்தது. இன்றும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் எல்லையில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரங்களில் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்துகளில் சேரும் பணம் ஆழ்துளைக் கிணறாகவும் கடை முதலாகவும் பிள்ளைகளின் மேல்படிப்பாகவும் மாறியிருக்கிறது. வட்டி இல்லை, பிணை இல்லை; நோட்டில் எழுதிய பெயரும் ஊர் மரியாதையும்தான் உத்தரவாதம். வாங்கியதைத் திருப்பிச் செய்யும்போது மேலே புது மொய்யும் வைக்க வேண்டும் என்பதால், வருமானம் நின்றுபோன குடும்பத்துக்கு ஒவ்வொரு அழைப்பிதழும் கடன் ஓலையாகிவிடுவதும் உண்மை. விளைச்சல் பொய்த்த ஆண்டில் பழைய தொகையை மட்டும் திருப்பினால் போதும் என்று உறவுகள் தமக்குள் பேசிக்கொண்டால் பல வீடுகள் மூச்சு விடும்.

அந்த வட்டாரத்து மக்களே செலவைக் குறைக்கவும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக விருந்து வைக்காமல் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே நாளில் ஒரே பந்தலில் நடத்துகிறார்கள். சமையல், பந்தல், அழைப்பிதழ்ச் செலவு பங்காகிறது. மொய் நோட்டு மட்டும் அவரவருக்குத் தனி. பங்காளிக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் முடியிறக்கையும் காதுகுத்தையும் இதேபோல் ஒரே நாளில் குலதெய்வக் கோவிலில் வைத்துக்கொள்ளலாம். சீரின் அளவையும் முன்கூட்டியே பேசி ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் எந்தத் தாய்மாமனும் நிலத்தை அடகு வைக்க வேண்டியிருக்காது. தை பிறந்துவிட்டால் விசேஷங்கள் வரிசையாக வரும், பேச நேரம் இருக்காது. மார்கழியிலேயே பெரியவர்கள் கூடி, மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் பேசி முடித்துவிட வேண்டும்.